பயணப் படங்களைச் சுவரில் மாட்டும்வரை: கேமராவோடு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் மாடி அறையில் என் படங்களை மாட்டிய முதல் நாள். பெரியவர் ஒருவர் ஒரே படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கம்போடியாவில் ஓர் அம்மா பெரிய இரும்புச் சட்டியில் பனஞ்சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் படம். "தம்பி, இது கருப்பட்டிதானே? கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்களா அந்த ஊர்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இந்தம்மா பேரு?" அதுவும் தெரியவில்லை. "எந்த ஊரு?" சியெம் ரீப் பக்கம் என்றேன். "பக்கம்னா?"

பக்கம்தான், வேறென்ன சொல்வது. படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது "உழைப்பின் இனிமை". அதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

18 படங்களைச் சுவரில் ஏற்ற எனக்குப் பதினொரு மாதம் ஆனது. நினைத்ததைவிட இரண்டு மடங்கு செலவு. அதில் பாதி, யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்காதீர்கள், அதற்கு ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள்.

1. பயணச்சீட்டுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

படங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். வீட்டு ஆல்பமா, கண்காட்சியா, விற்பனையா? கண்காட்சிக்கு ஒருவரின் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். படங்களை விற்கும் இணையதளங்களோ, முகம் தெரியும் ஒவ்வொருவரின் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தைக் கேட்கும். திரும்பி வந்த பிறகு அந்தக் கையெழுத்தை வாங்க முடியாது.

கண்காட்சி என்றால் குறைந்தது ஆறு மாதம் முன்பே இடம் தேடத் தொடங்குங்கள். சமூக மன்றம், நூலகம், ஏதாவது ஒரு சங்கத்தின் அறை எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் மாட்ட நினைத்தால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடப்பதால் நம்மவர்கள் எல்லாரும் அந்த மாதத்துக்கே அறை கேட்பார்கள். உங்களுக்கு அவசரமில்லை என்றால் ஜூலை, ஆகஸ்டு பக்கம் கேளுங்கள்.

இடம் கொடுப்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? பொதுமக்கள் பார்க்கும் கண்காட்சிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவைப்படுமா, தேவையென்றால் எடுக்கவேண்டியது அவர்களா நீங்களா? கடைசிக் கேள்வியை நான் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேட்டேன். அந்த மூன்று வாரமும் தூக்கமில்லை.

2. காகிதங்கள்

கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைக் கிளம்பும் வாரத்தில்தான் பார்ப்போம். சிங்கப்பூர்க் கடப்பிதழைப் புதுப்பிக்க 70 வெள்ளி. இந்தியக் கடப்பிதழ் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்ப்பவர்கள், விசா தேவையா என்பதை உங்கள் கடப்பிதழை வைத்துப் பாருங்கள், சிங்கப்பூர் நண்பரின் பேச்சை வைத்து அல்ல. கம்போடியாவுக்குச் சிங்கப்பூரர் விசா இல்லாமல் போகலாம், இந்தியருக்கு விசா வேண்டும். ஒரே குழுவில் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கம்போடியாவுக்கு விமானத்தில் போகிறவர்கள் எல்லாரும் போய் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் மின்வருகைப் படிவத்தை நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூர் திரும்பும்போது நம்முடைய சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்பவேண்டும். அதுவும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் இணையப்பக்கம் காசு கேட்டால் உடனே மூடிவிடுங்கள். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் சொந்தப் பக்கம் ஒரு காசும் கேட்காது.

அடுத்தது, கேமரா வாங்கிய ரசீது. இதை யாரும் எடுத்துப்போவதில்லை. கேமரா, லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்துக் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் வையுங்கள். ஏன் என்று எட்டாவது படியில் தெரியும்.

பயணக் காப்புறுதி வாங்கும்போது பயணப்பைக்கு மொத்தம் எத்தனை ஆயிரம் வெள்ளி என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பொருளுக்கு உச்சவரம்பு என்று ஒரு வரி உள்ளே இருக்கும். என் காப்புறுதியில் மொத்தம் 5,000 வெள்ளி, ஒரு பொருளுக்கு 500. லென்ஸ் விலை 1,300. அது தொலைந்துபோனால் மீதி 800 என் கையிலிருந்துதான். திருட்டுப் போனால் உள்ளூர்க் காவல்நிலையத்தில் எழுதிக் கொடுத்த காகிதம் இல்லாமல் எந்த நிறுவனமும் பேசாது. 24 மணி நேரத்துக்குள் அதை வாங்கிவிடுங்கள்.

3. பை

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்கவேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால், பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள், அல்லது கூப்பிடாமலே எடுத்துவிடுவார்கள். 100 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை முன் அனுமதி வேண்டாம். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும், அதுவும் இரண்டு மட்டும். கேமரா பேட்டரி பெரும்பாலும் 16, 17 வாட்-அவர்தான், கவலை வேண்டாம். பவர் பேங்க்தான் சிக்கல். மில்லி ஆம்பியர்-அவர் கணக்கை 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-அவர், போகலாம். 30,000 என்றால் 111, மாட்டிக்கொள்வீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவோ அதற்கு மின்னேற்றவோ கூடாது. ஆகவே எல்லாவற்றையும் வீட்டிலேயே மின்னேற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

எடையையும் வீட்டில் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கன வகுப்பில் கைப்பை 7 கிலோ, ஸ்கூட்டில் மொத்தம் 10 கிலோ.

டிரோனை முதல் பயணத்தில் எடுத்துப்போக வேண்டாம் என்பேன். மொராக்கோ அதை நாட்டுக்குள்ளேயே விடாது. இந்தியா 2022 பிப்ரவரியில் டிரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. சுங்கத்தில் பிடித்து வைத்தால், ஊருக்குப் போன மகிழ்ச்சியில் பாதி அங்கேயே போய்விடும்.

4. கேமராவின் கடிகாரம்

இரண்டே நிமிட வேலை. இறங்கியதும் கேமராவின் நேரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். கம்போடியா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், இந்தியா இரண்டரை மணி, நேப்பாளம் இரண்டே கால். நான் மாற்றவில்லை. காத்மாண்டுவில் அதிகாலையில் எடுத்த படங்கள் எல்லாம் முற்பகல் என்று காட்டின. கைப்பேசிக் குறிப்பில் ஒரு நேரம், கேமராவில் இன்னொரு நேரம். எந்தப் படம் எந்த வீட்டு வாசல் என்று பொருத்திப் பார்க்க ஒரு வாரயிறுதி முழுக்கப் போனது.

5. நுழைவுச்சீட்டும் தடையும்

கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கான சீட்டு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில்தான் பயன்படுத்தவேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஒரு தகவல்: மாலை 5 மணிக்குப் பிறகு மறுநாளுக்கான சீட்டை வாங்கினால் அன்றைக்கே அந்திப்பொழுதைப் பார்க்க உள்ளே விடுவார்கள். மூன்று நாள் சீட்டு வாங்குகிறவர்களுக்குச் சும்மா கிடைத்த ஒரு மாலை அது. அங்கோர் வாட்டின் கதவு காலை 5 மணிக்குத் திறக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

இந்தியாவில் தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் கேமரா போகும், முக்காலி போகாது. அதற்குத் தனி அனுமதி. தஞ்சைப் பெரிய கோயிலும் அந்தத் துறையின் பாதுகாப்பில் இருப்பதுதான், ஆனால் பூசை நடக்கும் கோயில். கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை போடவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பல பெரிய கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். வரிசையில் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

6. கதையை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்

மற்றப் படிகளில் தவறினால் பணம் போகும். இங்கே தவறினால் படமே போகும்.

பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி 1984இல் எடுத்தது. மறுவருடம் நேஷனல் ஜியோகிரஃபிக் அட்டையில் வந்து உலகம் முழுக்கப் போனது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல், தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. 1936இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த புலம்பெயர் தாய் படத்திலும் அப்படித்தான். பெயரைக் கேட்கவில்லை. அந்தப் பெண் யார் என்பது 1978இல் வெளியே வந்தது. ஊரறிந்த கைகளுக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

நான் இப்போது செய்வது இது. ஒருவரைப் படம் எடுத்தவுடன் நகர்ந்துவிடமாட்டேன். கேமராவின் திரையை அவரிடம் காட்டுவேன். அவர் சிரிப்பார், அல்லது கையை ஆட்டி வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுவேன். சரி என்றால், கைப்பேசியின் ஒலிப்பதிவைத் திறந்து அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். நாம் காதால் கேட்டு எழுதினால் தப்பாகும். பதிவு இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பின்னால் காட்டிச் சரிபார்க்கலாம். அப்புறம் கடைப்பலகை, மைல்கல், பள்ளிக்கூடப் பெயர் என்று ஏதாவது ஒன்றைப் படம் எடுப்பேன். இடம் எது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறகு கேள்வி. "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா" மாதிரி கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், உங்களிடம் ஒரு வரியும் மிஞ்சாது. கையில் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள். இதை எப்போது தொடங்கினீர்கள், யார் கற்றுக்கொடுத்தது, இது கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்வீர்கள், எவ்வளவுக்கு விற்பீர்கள், மழைக்காலத்தில் என்ன வேலை?

மொழிதான் தெரியாதே என்பீர்கள். சியெம் ரீப்பில் நாள் வாடகைக்கு எடுத்த டுக்டுக் ஓட்டுநருக்குக் கூடுதலாகப் பத்து டாலர் கொடுத்தேன், அவரே மொழிபெயர்ப்பாளர். கையேட்டோடு வரும் வழிகாட்டியைவிட இவர் மேல், ஏனென்றால் அவருக்கும் பதில் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது.

மறுவருடம் அந்தப் பெரியவரின் கேள்வியோடு நான் திரும்பப் போனேன். பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கும் ப்ரேயா டாக் என்ற ஊர் அது, இந்தத் தடவை எழுதி வைத்துக்கொண்டேன். அவர்களுடைய பனையும் நம்முடைய பனையும் ஒன்றுதான். கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாயைக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு தடவுவதில்லை. சாறு புளிக்காமல் இருக்க ஒருவகை மரத்தின் சீவலைக் குழாய்க்குள் போடுகிறார்கள். அந்தம்மா இரண்டு சீவலை என் உள்ளங்கையில் வைத்துக் கடித்துப் பார்க்கச் சொன்னார். துவர்ப்பு. காய்ச்சிய பாகைப் பனையோலை வளையங்களில் ஊற்றி வில்லை வில்லையாக ஆறவிடுகிறார்கள். "உழைப்பின் இனிமை" என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைத்தான் இப்போது படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன். தன் பெயரைக் கண்காட்சியில் போடவேண்டாம் என்றார் அவர். அதையும் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

கையெழுத்துப் படிவம் வேண்டுமென்றால் அந்த நாட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் அச்சடித்து எடுத்துப்போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து. பிள்ளைகள் ஓடிவந்து நின்று சிரிப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றிரவு விடுதியில், குளிப்பதற்கு முன்பே, படத்துக்கு மூன்று வரி எழுதிவிடுங்கள். குளித்தால் தூங்கிவிடுவீர்கள். நான்கு நாள் கழித்து எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

7. பிரதி

ஒரு பிரதி கேமராவின் நினைவக அட்டையிலேயே இருக்கட்டும், இன்னொன்று சிறிய வன்வட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பில். விடுதியின் இணையம் மெதுவாக இருந்தால் அன்றைக்குப் பிடித்த இருபது படத்தை மட்டுமாவது ஏற்றிவிடுங்கள். அட்டையையும் வட்டையும் ஒரே பையில் வைத்தால் இரண்டு பிரதி என்று கணக்கு வராது, ஒன்றுதான். வீடு திரும்பும்வரை எந்த அட்டையையும் அழிக்காதீர்கள்.

8. சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது

வெளிநாட்டில் புது லென்ஸ் வாங்கினீர்களா? 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்தால் 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு. அதற்குக் குறைந்தால் 100 வெள்ளிதான், ஜொகூர் போய்வருகிறவர்கள் கவனிக்க. 1,200 வெள்ளி லென்ஸ் என்றால் மிச்சம் 700க்கு 9 விழுக்காடு, அதாவது 63 வெள்ளி.

இந்த விலக்கு சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் சுற்றுப்பயணிக்கும் மட்டும். வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்பிளாய்மெண்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வெள்ளிகூட விலக்கு கிடையாது. அதே லென்ஸுக்கு அவர்கள் கட்டவேண்டியது 108 வெள்ளி. என் அறைத்தோழர் எஸ் பாஸ்காரர். எனக்கு 500 விலக்கு என்றால் அவருக்கும் அப்படித்தான் என்று நானே அடித்துச் சொன்னேன். அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்து நிறுத்தப்பட்டது அவர்தான். சுங்கத்துறையின் செயலியில் வருவதற்கு முன்பே அறிவித்துக் கட்டிவிடலாம். அல்லது சிவப்பு வழியில் போய் நீங்களாகச் சொல்லுங்கள்.

இங்கிருந்து எடுத்துப்போன பழைய கேமராவுக்கு வரி இல்லை. ஆனால் அது இங்கிருந்து போனதுதான் என்று காட்டவேண்டுமே. இரண்டாவது படியில் சொன்ன ரசீது இதற்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் குளிரூட்டிய அறையில் கேமராவை உடனே வெளியே எடுத்து வைத்து, மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோய் என்று விளையாடாதீர்கள், கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே இருக்கட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் குறைக்கும் பெட்டி ஒன்று வாங்கி 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள்.

9. அச்சு

ஏ3 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4961க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏறத்தாழ 17 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படமும் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும், பயப்படவேண்டாம். வெட்டிச் சுருக்கிய படம்தான் கைவிடும்.

சன்ஷைன் பிளாசாவிலும் பிராஸ் பசா காம்பிளெக்ஸிலும் அச்சுக் கடைகளும் சட்டம் போடும் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. மூன்று கடையில் விலை கேளுங்கள். எனக்கு ஒரு ஏ3 படம் நல்ல தாளில் 22 வெள்ளி ஆனது. கண்ணாடிச் சட்டம் போட்டால் இன்னும் 65. பதினெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சட்டத்தை விட்டேன். நுரைப்பலகையில் ஒட்டினால் படத்துக்கு 9 வெள்ளிதான், எடையும் இல்லை. முதலில் ஒரே ஒரு படத்தை மட்டும் அச்சடித்துப் பாருங்கள். கணினித் திரையில் பளிச்சென்று இருந்த முகம் தாளில் கருத்துப்போகும்.

அடுத்ததைத் தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படத்துக்கான குறிப்பை வேர்டு கோப்பாகக் கொடுத்தேன். கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கொம்பும் காலும் பிரிந்து, எழுத்துகள் இடம் மாறி, 18 குறிப்பும் படிக்க முடியாமல் வந்தன. அந்த அண்ணன் சீனர், அவருக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. குற்றம் அவருடையதல்ல. மறுபடி அச்சடிக்க 40 வெள்ளி. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள், முதல் தாளை அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

குறிப்பு அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

10. மாட்டுவதும் கழற்றுவதும்

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகக் குறிப்பைச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். இரண்டு பேர், மூன்று மணி நேரம். தனியாகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க ஒருவர் வேண்டும்.

ஒட்டுப்பட்டையை நல்லதாக வாங்குங்கள். மலிவான பட்டையில் இரண்டு படம் முதல் நாள் இரவே விழுந்தன. கழற்றும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்கவேண்டும். வெளியே பிடித்து இழுத்தால் சாயம் பெயர்ந்து வரும். எனக்குக் கை அகலத்துக்கு இரண்டு இடத்தில் பெயர்ந்தது. முன்பணம் 200 வெள்ளியில் 120தான் திரும்பி வந்தது. மாட்டுவதற்கு முன்பே சுவரை நான்கு பக்கமும் படம் எடுத்து, பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே இருந்த விரிசல், காட்டுவதற்கு என்னிடம் படம் இல்லை.